ஒரு கை மட்டும் மஞ்சள்

ஜனவரி 11

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

அன்று என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், நீ, என் வீட்டுக்காரர், கொழுந்தன், கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு தூங்காமல் படுத்திருந்த அத்தை, காய்ச்சல் விட்டும் அழுகை விடாத உன் மகள் வாலு, தையல் மெஷினுக்கு எண்ணெய் போட வந்த ரிப்பேர்காரர். என் பையன்கள் இருவரும் விளையாடப் போயிருந்தார்கள். அதனால் அவர்களைச் சேர்க்கவில்லை.

ஆண்டவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

எதற்கு இந்தப் பட்டியல் என்று நினைப்பாய். நேற்றுக் கொழுந்தன் போன் செய்தார். வழக்கம்போல அத்தை ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். "அண்ணி, உங்க தங்கச்சி புதுசா ஒரு பொம்மை கண்டுபிடிச்சிருக்கா. ஒரு கை மட்டும் வேற கலர். கடைக்காரங்க பாத்தா அசந்துடுவாங்க" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

நான் சண்டைக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் பழக்கம், அவ்வளவுதான். அன்று வாலுவுக்குப் பொம்மை தைக்க வீட்டுக்காரரின் பழைய நீலக் கட்டம் போட்ட சட்டையை வெட்டினேன். தலை, உடம்பு, கால்கள், வலது கை வரைக்கும் துணி வந்தது. இடது கைக்கு வரவில்லை. தலையணை உறை தைத்ததில் மிஞ்சிய மஞ்சளைப் போட்டேன். அத்தை அப்போதுதான் கண்ணைத் திறந்து, "என்னடி இது, ஒரு கைய பக்கத்து வீட்டுல கடன் வாங்கின மாதிரி இருக்கு" என்றார். ரிப்பேர்காரர் சிரித்தார். நீயும் சிரித்தாய். வாலு சிரிக்கவில்லை. அந்த மஞ்சள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். ஓரகத்தி என்று மற்றவர்கள் சொல்லட்டும், எனக்கு நீ தங்கச்சிதான். இனி எதுவாக இருந்தாலும் கடிதமாக எழுது. போனில் பேசினால் அத்தையும் சேர்ந்து பேசுவார்.

குழந்தைக்கு முத்தம்.
உன் அக்கா

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு வலி குறைந்ததில் சந்தோஷம். எனக்கு முதுகு அப்படியேதான் இருக்கிறது, மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சொல்கிறது, எழுந்தால் திட்டுகிறது.

அவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொம்மையை நீங்கள்தான் தைத்தீர்கள். நான் இல்லை என்று எங்கே சொன்னேன்?

விஷயம் இதுதான் அக்கா. சைக்கிள் கடைக்கு மேலே நான் எடுத்திருக்கும் அறை உங்களுக்குத் தெரியும். மூன்று மெஷின், நானும் இரண்டு பேரும். ஒருத்தி நெட்டை, ஒருத்தி ஊமைச்சி. அவள் ஊமை இல்லை, தையல் நடக்கும்போது வாயைத் திறக்கமாட்டாள். போன வருஷம் தொப்பி போட்ட பொம்மை செய்தேன். நன்றாகப் போனது. அடுத்த இரண்டு மாதத்தில் சந்தை முழுக்கத் தொப்பி. என்னுடையதைவிட மலிவாக. கேட்பதற்கு எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை.

இப்போது பெரிய பொம்மைக் கடையின் கொள்முதல்காரர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர் சொன்னார்: "பத்துக் கடையில கிடைக்கிறத நான் எதுக்கும்மா வாங்கணும்? உங்ககிட்ட மட்டும் இருக்கிற ஒண்ணக் கொண்டாங்க. அத வேற யாரும் செய்யக்கூடாதுன்னு பேப்பரும் கொண்டாங்க." இந்த ஆர்டர் வராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அதனால் மஞ்சள் கைப் பொம்மையைப் பதிவு செய்யப்போகிறேன். வாலுவையும் அதை வெளியே எடுத்துப்போக விடுவதில்லை. பேப்பர் கொடுக்கும்வரை நீங்களும் யாருக்கும் தைத்துக் கொடுக்காதீர்கள், காட்டவும் வேண்டாம். பிறகு எல்லாம் நேரில் சொல்கிறேன்.

பெரிய மாமாவுக்கும் பையன்களுக்கும் என் விசாரிப்பு.
தங்கச்சி

பிப்ரவரி 8

அன்புள்ள தங்கச்சிக்கு.

நலம், நலமறிய ஆவல். நீ சொன்னபடி ஊசியைக்கூடத் தொடவில்லை. மூன்று மெஷின் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றுதான், அதுவும் எண்ணெய் குடிக்கிறது. பரவாயில்லை, ஆண்டவன் யாருக்கு எவ்வளவு என்று அளந்துதான் வைத்திருப்பான்.

பக்கத்து வீட்டம்மா வந்திருந்தாள். "உங்க ஓரகத்தி பெரிய முதலாளி ஆயிட்டாங்களாமே. நீங்க இன்னும் பொத்தான்தான் தெச்சிட்டிருக்கீங்க" என்றாள். நான் காபி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அவள் போன பிறகுதான் நினைவு வந்தது.

பதிவு என்றால் அதில் ஒரு பெயர் எழுதவேண்டும் அல்லவா? யார் பெயரை எழுதுவார்கள்? எனக்காகக் கேட்கவில்லை. அத்தை கேட்டார்.

வாலு சாப்பிடுகிறாளா?
உன் அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வாலுவுக்குச் சளி, எனக்கு அலைச்சல். இப்போது இருவரும் தேவலை.

பதிவு ஆலோசகர் ஒரு அம்மா. மாடிப்படிக்குக் கீழே அலுவலகம், தலையைக் குனிந்துதான் நுழையவேண்டும். அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். "வடிவத்துக்குப் பதிவு வேணும்னா அது புதுசா இருக்கணும். பேப்பர் குடுக்கறதுக்கு முன்னாடி வெளியாளுங்க முன்னால மேசையில வச்சிட்டீங்கன்னா அது பழசு ஆயிடும், அப்புறம் யார் அழுதாலும் கிடைக்காது. பொம்மையோட பேரும் அத எழுதித் தெக்கிற சீட்டும் வேற விஷயம், அத எப்ப வேணா பதிவு பண்ணலாம். உள்ள என்ன வச்சுத் தெக்கிறீங்கங்கிறத மட்டும் பதிவே பண்ணாதீங்க. வாயத் திறக்காம இருக்கறதுதான் அதுக்குப் பூட்டு."

உங்கள் பட்டியலைக் காட்டினேன். "ரிப்பேர்காரர் பரவால்ல, வீட்டுக்குள்ள வேலைக்கு வந்தவர்தானே, பேசவேண்டாம்னு சொல்லி வைங்க" என்றார். சொல்லி வையுங்கள் அக்கா.

இன்னொன்று. நான் தைக்கும் பொம்மைக்குக் கொஞ்ச நாளில் தலை தொங்கிப்போகிறது. உங்களுடையது நிமிர்ந்தே இருக்கிறது. கழுத்துக்குள் என்ன வைத்தீர்கள்? பிரித்துப் பார்க்கலாம் என்றால் வாலு ஊரைக் கூட்டுகிறாள். தலைக்கு வெட்டிய அளவுத் தாளையும், உள்வேலை விவரத்தையும் தபாலில் அனுப்புங்கள்.

அத்தைக்கு நமஸ்காரம்.
தங்கச்சி

மார்ச் 15

தங்கச்சிக்கு.

அனைவரும் சுகம். ரிப்பேர்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

நான் கேட்ட ஒன்றுக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. தபாலில் எங்காவது உதிர்ந்திருக்கும்.

அளவுத் தாளைத் தேடினேன், கிடைக்கவில்லை. கழுத்துக்குள் என்ன வைத்தேன் என்பதும் ஞாபகம் இல்லை.

கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை பேசினார். அத்தை எல்லாவற்றையும் விசாரித்தார்.

இந்த மாதக் கடைசியில் எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் பெண்கள் கைவேலை விற்பனை. எனக்கும் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். தலையணை உறை வைக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நேற்று விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. ஆலோசகர் அம்மா முத்திரை குத்திய நகலைக் கையில் கொடுத்தபோது நெட்டை அழுதுவிட்டாள். ஊமைச்சிகூட ஒரு வார்த்தை பேசினாள். "அப்பாடா."

மாதிரிக்கு என்று ஒரு டஜன் தைத்தோம். நான் இடக்கைக்காரி அல்லவா, நீங்கள் முடிக்கும் பக்கத்தில் நான் ஆரம்பிக்கிறேன். அதனால் என் பொம்மைகளுக்கு மஞ்சள் கை வலப்பக்கம் வருகிறது. பதிவுக்குக் கொடுத்த படத்திலும் அப்படியே. பார்க்க ஒன்றும் குறை இல்லை.

வீட்டுக்கு ஒன்று எடுத்துவந்து வாலுவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பெரிம்மா இல்ல" என்று கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டாள். உங்கள் பொம்மைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் பெரிம்மா. ராத்திரி அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். துவைக்கக்கூடத் தரமாட்டேன் என்கிறாள்.

உங்கள் தலையணை உறைகள் விற்றனவா?
தங்கச்சி

மே 20

தங்கச்சிக்கு.

சுகம். வெயிலுக்கு எல்லோருக்கும் உடம்பு அசதி. அத்தைக்குப் பழச்சாறு மட்டும் இறங்குகிறது. சின்னவனுக்குப் பல் விழுந்தது.

விற்பனை நன்றாக நடந்தது. கொண்டுபோனது எல்லாம் போய்விட்டது. யார் யாரோ வந்தார்கள், பார்த்தார்கள்.

வாலு வைத்த பெயரை அத்தையிடம் சொன்னேன். சிரித்தார். உனக்கு ஆர்டர் வர தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு.

வணக்கம். உங்கள் உடம்பு, அத்தை உடம்பு தேவலையா?

கொள்முதல்காரர் வரச்சொன்னார். போனேன். மேசைமேல் ஒரு பொம்மையை வைத்தார். நீலக் கட்டத் துணி, ஒரு கை மஞ்சள். பக்கத்தில் ஒரு போட்டோ. "இதுதான் உங்ககிட்ட மட்டும் இருக்கறதா? சந்தையில கூடை கூடையாக் கிடக்குது. நீங்க பேப்பர் குடுக்கறதுக்கு முன்னாடியே இந்தப் போட்டோ சுத்திட்டு இருந்திருக்கு" என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆலோசகர் அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். ஒரு மேசை, அதில் ஒரு விரிப்பு, விரிப்பின்மேல் வரிசையாகப் பொம்மைகள். பின்னால் ஜன்னல் கம்பி. "முடிஞ்சது" என்றார்.

சந்தைக்குப் போய் நானே ஒன்று வாங்கிவந்தேன். ஒன்று மட்டும் கவனித்தேன் அக்கா. அவர்கள் பொம்மைக்கு மஞ்சள் கை இடப்பக்கம் இருக்கிறது. என் அறையிலிருந்து போயிருந்தால் வலப்பக்கம் இருந்திருக்கும்.

ஜனவரியில் நீங்கள் எழுதிய பட்டியலை மறுபடி படித்தேன். அன்று இருந்தவர்களில் தைக்கத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த விரிப்பில் கரையோரம் இருக்கும் பின்னலை மட்டும் எங்கோ பார்த்த ஞாபகம். எனக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது எனக்கும் அதேமாதிரி ஒன்று கொடுத்தீர்கள்.

நெட்டையைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சி

ஜூலை 9

அக்காவுக்கு வணக்கம். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறார், நீங்கள் குளிக்கிறீர்கள் என்கிறார். எந்த நேரத்தில் செய்தாலும் குளிக்கிறீர்கள். உடம்புக்கு ஆகாது.

தங்கச்சி

ஜூலை 21

அன்புள்ள தங்கச்சிக்கு.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். பிரார்த்தனையில் உட்கார்ந்தால் ஜன்னல் கம்பிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

மார்ச் மாதம் ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் போன் செய்தார் என்று எழுதினேன் அல்லவா. அத்தை கேட்டார், "யாரு பேருடா எழுதப்போறீங்க?" அவர் ஒளிவுமறைவு தெரியாதவர். "அவ பேருதாம்மா. செஞ்சது யாருங்கற இடத்துலயும் அவதான்" என்றார். ஸ்பீக்கரில் வந்தது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை மட்டும், "விடுடி, ஒரு துணிப் பொம்மைக்கு" என்றார். அவருக்கு அது துணிப் பொம்மை.

பதினைந்து வருஷமாக இந்த வீட்டில் யார் யாருடைய சட்டைக்கெல்லாமோ பொத்தான் தைத்திருக்கிறேன். எதிலும் என் பெயர் இருந்ததில்லை. இருக்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நீ ஒரு தாளில் உன் பெயரை எழுதப்போகிறாய் என்று கேட்டதும் தோன்றியது.

மேசையில் ஐந்து பொம்மை வைத்தேன். நடுவில் ஒரு அட்டை: "இதை முதலில் செய்தது நான்." தலையணை உறையும் வைத்தேன், அது பொய் இல்லை. தொப்பி போட்ட ஒரு ஆள் வந்தார். "அழகா இருக்கும்மா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றார். அட்டையும் தெரிகிற மாதிரி எடுங்கள் என்று நானே நகர்ந்து நின்றேன். அவர் அட்டையை விட்டுவிட்டுத்தான் எடுத்திருக்கிறார். பொம்மை ஒன்றும் வாங்கவில்லை. ஐந்தையும் வாங்கியவர்கள் கூடத்துப் பெண்கள்.

வெளியாள் முன்னால் மேசையில் வைத்தால் பழசாகிவிடும் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது அடுத்த தப்பு. உனக்குக் கிடைக்கக்கூடாது என்றுதான் வைத்தேன். உன் அறை போகவேண்டும், நெட்டைக்கு வேலை போகவேண்டும் என்று நினைக்கவில்லை. அவ்வளவு தூரம் நினைத்துப் பார்க்கவில்லை.

நீயும் ஒன்று சொல்லவேண்டும். ஏன் என் பெயரை விட்டாய்?

அக்கா

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மார்ச் தொடக்கத்தில் படிவத்தை நிரப்பும்போது, செய்தவர் பெயர் என்று இருந்த இடத்தில் பேனா நின்றது. முந்தின நாள் ராத்திரி வாலுவைத் தூங்கவைக்கப் போனேன். "நீ போம்மா, பெரிம்மா இருக்கு" என்றாள். இரண்டு வருஷமாக அவளுக்கு எத்தனை பொம்மை தைத்திருப்பேன், ஒன்றையாவது அப்படிக் கட்டிக்கொண்டாளா? பொம்மை தைத்து விற்கிறவள் நான். என் பெண்ணுக்குப் பிடித்த பொம்மை நீங்கள் அரைமணி நேரத்தில் மிச்சத் துணியில் தைத்தது. அந்த வயிற்றெரிச்சலில் என் பெயரை எழுதினேன். ஆலோசகர் அம்மா, "நீங்கதானே செஞ்சீங்க?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

இப்போது உள்ளபடி நிலைமை. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வச்சுப் பூட்டியிருக்கணும்" என்றார். வடிவத்துக்கு இனிப் பதிவு கிடையாது. அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டேன். மஞ்சள் கையை யார் வேண்டுமானாலும் தைக்கலாம், இடமோ வலமோ.

ஆனால் பெயர் போகவில்லை என்கிறார். பொம்மைக்கு ஒரு பெயரும், முதுகில் தைக்கிற சீட்டும் பதிவு செய்தால் அந்தப் பெயரில் வேறு யாரும் விற்கமுடியாது. தொப்பிப் பொம்மைக்கே இதைச் செய்திருந்தால் குழந்தைகள் பெயரைச் சொல்லி என்னுடையதைக் கேட்டிருக்கும்.

கொள்முதல்காரரிடம் போனேன். வாலுவுடைய பொம்மையையும் எடுத்துப்போனேன், அவளையும் கூட்டிக்கொண்டுதான், வேறு வழியில்லை. சந்தைப் பொம்மை பக்கத்தில் இருந்தது. அதன் தலை மார்பில் தொங்குகிறது. போட்டோவில் கழுத்துக்குள் இருப்பது தெரியாது அல்லவா. உங்களுடையது எட்டு மாதம் கட்டிப்பிடித்தும் நிமிர்ந்து இருக்கிறது. அவர் இரண்டையும் தட்டிப் பார்த்தார். "இது பேரு என்னம்மா?" என்று வாலுவைக் கேட்டார். "பெரிம்மா." "இந்தப் பேருக்குப் பேப்பர் போட்டு, இந்தக் கழுத்தோட கொண்டாங்க. முதல் தடவைக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

மார்ச்சில் நீங்கள் அளவுத் தாளை அனுப்பியிருந்தால், ஆலோசகர் அம்மா வேண்டாம் என்றும் கேட்காமல் பதிவுப் படத்தோடு சேர்த்து அதையும் கொடுத்திருப்பேன், கொள்முதல்காரருக்கும் பெருமைக்குக் காட்டியிருப்பேன். நீங்கள் என்மேல் கோபத்தில் மறைத்ததுதான் இன்று நம் கையில் மிச்சம். நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை.

கழுத்து உங்களிடம் இருக்கிறது. அறை என்னிடம் இருக்கிறது. பெயர் வாலுவுடையது. விண்ணப்பத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போடலாமாம். நெட்டையை வரச்சொல்லலாமா என்று உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

தங்கச்சி

ஆகஸ்ட் 14

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக்காட்டினேன், ஸ்பீக்கர் இல்லாமல். வயிற்றெரிச்சல் என்று நீ எழுதிய இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். எனக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. ஆண்டவன் மன்னிக்கட்டும்.

அளவுத் தாள் எங்கேயும் தொலையவில்லை. பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். தபாலில் அனுப்பமாட்டேன். நானே கொண்டுவருகிறேன். பழைய துணியை இறுக்கிச் சுருட்டி ஒரு தண்டு மாதிரி தலையிலிருந்து வயிறுவரை இறக்கவேண்டும். எந்தத் துணி, எத்தனை சுற்று, எங்கே முடிச்சு என்பதை நேரில் உனக்கு மட்டும் காட்டுவேன். தண்டு சுருட்டுகிற வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு நீயும் நானும்தான் செய்யவேண்டும். நெட்டையை வரச்சொல். அவளுக்கு உடம்புப் பகுதியைக் கொடு.

மஞ்சள் கை இனிமேல் வலப்பக்கமே இருக்கட்டும். இடப்பக்கம் சந்தையில் கூடை கூடையாகக் கிடக்கிறது. அது என் கைதான், எழுதும்போது என்னவோ போல இருக்கிறது, இருந்தாலும் நீ தைக்கிறபடியே தைப்போம்.

விண்ணப்பத்தில் இரண்டு பேர் பெயரும் வரட்டும். என் பெயர் முதலில். நான் மூத்தவள் என்பதற்காக இல்லை. எனக்கு அப்படி வேண்டும், அதற்காக. அதற்குப் பதிலாகச் சீட்டில் என்ன நிறம், எந்த எழுத்து என்பதெல்லாம் நீ சொல்கிறபடி. பக்கத்து வீட்டம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர் வரட்டும், அவளைக் காபிக்குக் கூப்பிடுகிறேன்.

இன்னொன்று. நீ வலக்கை மஞ்சளில் வாலுவுக்குத் தைத்தாயே, கட்டிலுக்குக் கீழே கிடந்தது, அதை வெளியே எடு. நான் வந்ததும் அதன் கழுத்தைப் பிரித்துத் தண்டு வைத்துத் தருகிறேன். தலை நிமிர்ந்தால் ஒருவேளை அதையும் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வாள். அந்தப் பொம்மைக்கு அவள் என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

என் பெயர் முதலில் வருவது உனக்குச் சம்மதமா? எந்தத் தேதியில் வரட்டும்? சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா